கட்டணம் கட்டிப் பயிற்சிக்குப் போவதா?

நமது சங்கத்திற்குச் சென்ற மாதம் ஓர் அழைப்பு வந்தது. பெருநகர் ஒன்றின் பெரிய ஓட்டலில் மூன்று நாள் பயிற்சி மாநாடு நடைபெறப் போகிறதாம். கைத்தறித் துணிக்கும் விளைபொருளுக்கும் புதிய சந்தை காணுதல், சாயமும் வடிவமைப்பும், இணைய வழி விற்பனை, தலைமைப் பண்பு முதலிய விஷயங்களில் அறிஞர்கள் உரையாற்றுவார்களாம். ஆளுக்குக் கட்டணம் 15,000 ரூபாய்; அதற்குமேல் நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. வரி. தேதி கடந்தால் கட்டணம் உயரும் என்றும் சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். தலைவரையும் மேலாளரையும் அனுப்பலாம் என்று நிர்வாகக் குழுவில் ஒரு யோசனை எழுந்து, முடிவு மகாசபைக்கு விடப்பட்டிருக்கிறது. அங்கத்தினர்கள் கை தூக்குவதற்கு முன் நமது அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுவது கடமை எனக் கருதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இருவருக்கும் கட்டணமும் வரியும் சேர்ந்து 35,400 ரூபாய். பிரயாணம், தங்குமிடம், இதர செலவுகளுக்கு 12,600 ரூபாய் எனக் கொண்டால் மொத்தம் 48,000 ரூபாய் ஆகிறது. ஒரு பருத்திச் சேலையில் எல்லாச் செலவும் போகச் சங்கத்திற்கு நிற்பது 120 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், இது 400 சேலைகளின் லாபம். ஒரு சேலைக்கு இரண்டு நாள் என்றால், எட்டுத் தறிகள் மாதம் 25 நாள் வீதம் நான்கு மாதம் ஓடிச் சேர்க்கும் பணம். ஓட்டல் மண்டபத்தில் குளிர்ந்த காற்றில் அமர்ந்திருக்கையில் இந்தத் தறிச் சத்தம் காதில் விழாது.

இதனால் நாம் படிப்புக்கே பகைவர் என்று எவரும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து உழைப்பாளர்கள் 1844-இல் தங்கள் கூட்டுறவுக் கடையைத் திறந்தார்கள். சில ஆண்டுகளுக்குள்ளாகவே, உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் அங்கத்தினரின் கல்விக்கென ஒதுக்கி, நூலகமும் வாசகசாலையும் நடத்தினார்கள். இன்றும் உலகக் கூட்டுறவாளர் ஏற்றுள்ள ஏழு கொள்கைகளில் ஐந்தாவது கல்வியும் பயிற்சியுமே. கற்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஜெர்மனி 1994-இல், உடலில் படும் துணிகளில் சில அசோ சாயங்கள் கூடாதென்று தடுத்தது. 1997-இல் நம் நாட்டு அரசும் அத்தகைய சாயங்களுக்குத் தடை விதித்தது. செய்தியை முன்கூட்டி அறிந்தவன் சாயத்தை மாற்றிக் கொள்ளலாம்; அறியாதவன் சரக்கு திரும்பி வந்த பிறகுதான் விசாரிப்பான். நூலும் கூலியும் அதற்குள் செலவாகியிருக்கும்.

ஆகவே 48,000 ரூபாய் பெரிதா சிறிதா என்பதைவிட, அந்தப் பணத்தில் எந்தக் கேள்விக்கு விடை வாங்கப் போகிறோம் என்பதே பிரதானம். இம்முறை யோசனை கொண்டு வந்தவர்களிடம் இதையே கேட்டோம். "பல விஷயங்கள் தெரிந்து கொள்ளலாம்" என்றார்கள். பல விஷயங்கள் என்பது ஒரு விஷயமும் இல்லை என்பதற்கு மறுபெயர்.

நமக்கு இதில் பழைய அனுபவமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு கூட்டத்திற்குச் சங்கச் செலவில் இருவர் போய் வந்தார்கள். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. உரைகளில் பாதி, இயந்திரம் விற்பவர்களின் விளம்பரம். விளம்பரத்தைக் காசு கொடுத்துக் கேட்ட விந்தை அன்று நடந்தது. திரும்பி வந்தவர்கள் ஒரு சான்றிதழும், குழுப் படமும், அழகான துணிப்பையும் கொண்டு வந்தார்கள். அந்தப் பை இப்போதும் அலுவலக அலமாரியில் வவுச்சர் கட்டுகளைச் சுமந்து கொண்டிருக்கிறது. அந்தச் செலவில் இன்றுவரை உழைப்பது அது ஒன்றுதான்.

இன்னொரு பிரயாணத்தையும் சொல்ல வேண்டும். நமது மஞ்சள் விவசாயிகள் பன்னிரண்டு பேர் ஒரு வேன் பேசிக்கொண்டு, பக்கத்து மாவட்டத்தில் நீராவிக் கொதிகலனில் மஞ்சள் வேகவைப்பதைப் பார்க்கப் போனார்கள். செலவு வேன் வாடகையும் மதியச் சாப்பாடும்தான். அவர்களிடம் ஒரே கேள்வி இருந்தது: கொப்பரையில் தண்ணீர் ஊற்றி வேகவைப்பதைவிட இதில் விறகும் நேரமும் எவ்வளவு மிச்சமாகும்? காலையிலிருந்து மாலைவரை அடுப்பருகே நின்று, கிழங்கைக் குத்திப் பார்த்து, இயந்திரக்காரரிடம் வாடகையையும் பேசித் திரும்பினார்கள். அடுத்த அறுவடையில் அந்தக் கொதிகலன் நமது களத்துக்கு வந்து நின்றது.

எவரை அனுப்புவது என்பதில்தான் நாம் பெரும்பாலும் தவறுகிறோம். மாதச் சம்பளக்காரர் மூன்று நாள் வெளியூர் போனால் அவருக்கு நஷ்டமில்லை. தறிக்காரர் போனால் மூன்று நாள் கூலி போயிற்று. பாவு பாதியில் நிற்கும். வீட்டில் ஊடைக்குத் தார் சுற்றித் தருபவருக்கும் வேலை இல்லை. ஆகையால் தறிக்காரர் "எனக்கெதற்கு" என்று ஒதுங்குகிறார். தறியைத் தொடாதவர் தறியைப் பற்றிக் கற்று வருகிறார். சங்கம் கட்டணம் கட்டுவதாயிருந்தால் போகிறவரின் கூலியையும் சேர்த்தே கட்ட வேண்டும். அந்தத் தொகை செலவுக் கணக்கில் வராதவரை, சாயப் பட்டறையில் நிற்பவரும் வயலில் நிற்பவரும் ஒருநாளும் பயிற்சிக்குப் போகப் போவதில்லை.

அருகிலுள்ள கிணற்றை மறந்துவிட்டு விலைக்குத் தண்ணீர் வாங்குகிறோமா என்பதையும் பார்க்க வேண்டும். சென்னை, காஞ்சிபுரம், சேலம் ஆகிய ஊர்களில் நெசவாளர் சேவை மையங்கள் உள்ளன. சாயம், வடிவமைப்பு, தறி நுட்பம் ஆகியவற்றில் நெசவாளருக்குக் கற்பிப்பதே அவற்றின் வேலை. சேலத்தில் 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பக் கல்வி நிலையம் இருக்கிறது. விவசாயிகளுக்கு வேளாண் அறிவியல் நிலையங்கள் உண்டு. இந்தியாவிலேயே முதலாவது நிலையம் 1974-இல் புதுச்சேரியில், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. இவை அரசாங்கப் பணத்தில், அதாவது நம் வரியில் நடப்பவை. இவற்றின் வாசற்படியை நமது சங்கத்தார் எத்தனை முறை மிதித்தார்கள் என்பதற்கு வருகைப் புத்தகம் சாட்சி சொல்லட்டும்.

இங்கெல்லாம் கேட்டும் விடை கிடைக்காத கேள்வி ஒன்று இருந்தால், அதை அறிந்தவர் அந்த மாநாட்டில்தான் கிடைப்பார் என்றால், கட்டணத்தைத் தாராளமாகக் கட்டலாம். வெளிநாட்டுக் கொள்முதல்காரர் நேரில் வந்து நம் துணியைத் தொட்டுப் பார்ப்பார் என்பது உறுதியானாலும் கட்டலாம். மண்டபத்து உரைகளைவிட, தேநீர் வேளையில் அப்படிப்பட்டவரோடு பேசும் பத்து நிமிடமே சில சமயம் முழுக் கட்டணத்துக்கும் ஈடாகிவிடும். இதை ஒப்புக்கொள்ளாமல் எல்லாவற்றையும் வீண் என்று தள்ளுவது நியாயமாகாது.

இப்போதைய அழைப்பைப் பற்றி நமது யோசனை இது. யார் யார் பேசுகிறார்கள், அவர்களில் எவர் தறியிலோ சாயத்திலோ கைபழகியவர், கையால் செய்து காட்டும் வகுப்பு எத்தனை மணி நேரம், கொள்முதல்காரர் எவரேனும் வருகிறார்களா என்று அழைத்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். சிவப்பு எழுத்துத் தேதிக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. கருஞ்சிவப்புச் சேலைகளில் முதல் சலவையிலேயே சாயம் கரைகிறது என்று இரண்டு கடைகளிலிருந்து நமக்குப் புகார் வந்திருக்கிறது. அந்த நூல் கட்டுடன் நமது சாயக்காரரைக் கூலி கொடுத்து முதலில் சேவை மையத்துக்கு அனுப்புவோம். அங்கே தீராவிட்டால், கடிதத்துக்கு வரும் பதில் திருப்தியாகவும் இருந்தால், மாநாட்டுக்கு அவர் ஒருவரை மட்டும் அனுப்பலாம். திரும்பிய வாரத்திலேயே மற்றச் சாயக்காரர்களுக்குப் பட்டறையில் அவர் செய்து காட்ட வேண்டும். தலைவரும் மேலாளரும் போகும் தீர்மானம் இப்போதுள்ளபடியே மகாசபை முன் வந்தால் நாம் அதை எதிர்த்தே வாக்களிப்போம்.