வந்தால், வந்திருந்தால்

ஐரோப்பிய மொழிகளிற் சிலவற்றைக் கற்றுத் தேர்ந்தார் தமிழின்மேற் சாட்டும் குறைகளுள் ஒன்று, அம்மொழிகளில் ‘சப்ஜங்க்டிவ்’ என வழங்கும் வினைப்பாங்கு நம் மொழியில் இல்லை என்பதாம். நிகழ்ந்ததனை நிகழ்ந்ததென்று கூறுதல் ஒன்று. நிகழாததனை, அல்லது நிகழுமோ நிகழாதோ என்று ஐயுற நிற்பதனை, மனத்தளவிற் கொண்டு கூறுதல் மற்றொன்று. முன்னதற்குரிய வினை வேறு, பின்னதற்குரிய வினை வேறு என்று பிரித்து வைத்த மொழியே நுண்ணிய மொழியென்றும், மூன்று காலங்களையும் ஏவலையும் வியங்கோளையும் மட்டும் உடைய தமிழ் அத்துணை நுண்மை வாய்ந்ததன்று என்றும் அவர் கூறுவர். இக்கூற்றை யாம் மறுக்கின்றோம். ஆயினும் வெறும் மொழிப்பற்றினால் மறுப்பது கற்றோர் அவைக்கு அழகன்று. ஆதலின் அவ்வினைப்பாங்கு மிக விரிந்து வளர்ந்த மொழியொன்றையே எடுத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் நம் மொழியை நிறுத்திப் பார்ப்போம். போர்த்துகீசிய மொழியே அது.

மழையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கொங்குநாட்டார்க்கு அதனினும் நெருங்கிய பொருள் பிறிதில்லை. மழை பெய்தால் விதைப்போம் என்னும் கருத்தைப் போர்த்துகீசியர் ‘ஸே ஷோவேர்’ என்று தொடங்குவர். பெய்யும் என்னும் நம்பிக்கை குறைந்து, பெய்யுமாயின் நன்றாயிருக்குமே என்று எண்ணும்போது ‘ஸே ஷோவேஸ்ஸே’ என்பர். பெய்யாமற் போய்விட்டது, பெய்திருந்தால் விளைந்திருக்கும் என்று இரங்கும்போது ‘ஸே திவேஸ்ஸே ஷோவிதூ’ என்பர். மூன்று நிலைக்கும் மூன்று வினை. இவற்றுள் முதலாவது, எதிர்காலத்திற்கே உரிய சப்ஜங்க்டிவ். உடன்பிறந்த மொழியாகிய ஸ்பானிய மொழியில் இவ்வடிவம் பேச்சு வழக்கினின்றும் நீங்கிச் சட்ட நூல்களிலும் பழமொழிகளிலும் மட்டும் எஞ்சி நிற்கப் போர்த்துகீசிய மொழியில் மட்டும் சந்தைப் பேச்சு வரையில் உயிரோடு இருக்கின்றது. பிரேசில் நாட்டிற்கோ மொசாம்பிக்கிற்கோ தொழில்மேற் செல்லும் நம் மாணவர் எவரும் முதலிற் கால் இடறுவது இவ்விடத்திலேயாம்.

இனி, அவ்வடிவம் எவ்வாறு பிறக்கின்றது என்பதைக் காண்மின். ‘அவர்கள் வந்தனர்’ என்பது அம்மொழியில் ‘வியேராம்’. அவ்விறந்தகால வினையின் ஈற்றைக் களைந்தால் எஞ்சுவது ‘வியேர்’. அதுவே ‘வந்தால்’ என்னும் பொருளைத் தரும் எதிர்கால வடிவம். ‘உடையராயினர்’ என்னும் ‘திவேராம்’ என்பதிலிருந்து ‘திவேர்’ பிறக்கும். ‘விரும்பினர்’ என்னும் ‘கிஸேராம்’ என்பதிலிருந்து ‘கிஸேர்’ பிறக்கும். கடவுள் சித்தமானால் என்று நாம் கடிதங்களில் எழுதுவதை அவர் ‘ஸே தேவுஸ் கிஸேர்’ என்று எழுதுவர். நாளை நடக்கவிருப்பதைச் சொல்லுதற்கு நேற்று நடந்ததன் அடிச்சொல்லை எடுத்துக்கொள்ளும் இவ்வழக்கம் முதன்முறை கேட்பார்க்கு விந்தையாகவே தோன்றும்.

விந்தை என்று வியக்குமுன் நம் ‘வந்தால்’ என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். அதன்கண் உள்ளதும் ‘வந்த்’ என்னும் இறந்தகால அடியே அன்றோ? பெய்தால், நின்றால், கொடுத்தால், படித்தால் ஆகிய யாவும் இறந்தகால இடைநிலையைத் தாங்கி நிற்பன, பொருளோ எதிர்காலம். எதிர்மறையிலும் இதுவே முறை. ‘வராவிட்டால்’ என்பதிலுள்ள ‘விட்டால்’ என்பதும் அவ்வாறே அமைந்தது. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளுள் ஒன்றாகச் ‘செயின்’ என்பதை வைத்தது. நன்னூலார் பன்னிரண்டு வாய்பாடுகளைக் காலத்தால் வகுத்தபொழுது அதனை எதிர்கால வரிசையிற் சேர்த்தனர். அச்செயினென்னும் எச்சத்தின் இடத்தைப் பிற்காலத்திற் ‘செய்தால்’ என்பது பெரும்பாலும் கைக்கொண்டது. உறவு சிறிதும் இல்லாத இருமொழிகள், ஒன்று ஐரோப்பாவின் மேல்கோடியிலும் மற்றொன்று காவிரிக்கரையிலும் இருந்துகொண்டு, ஒரே வழியிற் சென்றிருக்கின்றன. ஒரு செயலுக்கு முன்பாக முடிந்திருக்க வேண்டிய மற்றொரு செயலை முடிந்ததாகவே மனம் முற்படக் கண்டுவிடுகின்றது போலும். விதைப்பை எண்ணும் குடியானவனது உள்ளத்தில் மழை பெய்து முடிந்துவிட்டது.

மற்றோர் ஒற்றுமையும் உண்டு. போர்த்துகீசியர் ஐயத்திற்கு மட்டுமன்றி, ஐயமின்றி வரப்போகும் காலத்திற்கும் இவ்வடிவத்தையே வழங்குவர்; ‘தந்தை வரும்போது’ என்பதற்கும் அவர்க்கு ‘வியேர்’ வேண்டும். நாமும் ‘தை பிறந்தால் வழி பிறக்கும்’ என்கின்றோம். தை பிறவாமற் போவதுண்டோ? ‘பொழுது விடிந்தால் புறப்படுவோம்’ என்பவன் பொழுது விடிதலில் ஐயுற்றவனல்லன்.

இரங்கற்கு வருவோம். ‘அன்னிக்கே மழை பேஞ்சிருந்தா இன்னேரம் கருது வந்திருக்குமுங்க’ என்று சோளக்காட்டு வரப்பில் நின்று ஒரு முதியவர் கூறுவதாகக் கொள்வோம். எழுத்தறியாதார் வாயில் வழங்கும் இவ்வொரு தொடரில் எத்துணை இலக்கணம் அடங்கியிருக்கின்றது! ‘பேஞ்சிருந்தா’ என்பதில், முடிந்த செயலும் ‘இரு’ என்னும் துணைவினையும் கூடி, நிகழாத இறந்தகாலம் ஒன்றைப் படைக்கின்றன. போர்த்துகீசியர் ‘உடைமை’யைக் காட்டும் துணைவினை கொண்டு செய்வதை நாம் ‘இருத்தலை’க் காட்டும் துணைவினை கொண்டு செய்கின்றோம், வேறுபாடு அவ்வளவே. ‘வந்திருக்கும்’ என்னும் முற்றோ எதிர்கால ஈறு பெற்றது. விதைக்கும் எண்ணத்திற்கு இறந்தகால அடி. விளையாத விளைவிற்கு எதிர்கால ஈறு! பிரேசில் நாட்டு இலக்கண நூல்களும் இவ்விடத்திற்குரிய தம் வினையை ‘இறந்தகாலத்தின் எதிர்காலம்’ என்னும் பொருள்படும் பெயராலேயே வழங்குகின்றன. நம் இலக்கண வகுப்பில் அதற்கு ஒரு பெயரும் இல்லை. பொருள் இல்லாமையன்று, பெயர் இல்லாமையே நம் குறை.

இவ்விரு மொழிகளையும் முதன்முதல் அருகருகே வைத்து ஆராய்ந்தவர் அண்டிரிக் அடிகளார். போர்ச்சுகலிற் பிறந்த அவர் 1546-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் வாழ்ந்து, 1600-ல் மறைந்தார். அவர்க்கு முற்பட்ட குருமார் துபாஷிகளை நம்பியிருந்தனர். இவரோ வினைத்திரிபுகளைத் தாமே கேட்டுத் தொகுத்து, 1549-ஆம் ஆண்டளவில், ‘மலபார்’ என்று அந்நாளில் தம்மவர் வழங்கிய தமிழ்மொழிக்குப் போர்த்துகீசியத்தில் ஓர் இலக்கணம் எழுதினார். அது லிஸ்பன் தேசிய நூலகத்தில் ஏட்டுப் பிரதியாகவே கிடந்து, 1982-லேயே அச்சேறிற்று. 2013-ல் விரிவான ஆராய்ச்சியுடன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. இலத்தீன் இலக்கணத்தின் அச்சில், தமிழ்வினைகளை அவர் ஒவ்வொன்றாய் இட்டு நிரப்பினார். அவ்வச்சு தமிழுக்குப் பொருந்தாதது என்று இக்காலத்தார் அவரைக் குறைகூறுவதுண்டு. பொருந்தாத அச்சே எனினும், அதனாலன்றோ அவர் ‘நீங்கள் இதனை எவ்வாறு கூறுவீர்கள்? அதனை எவ்வாறு கூறுவீர்கள்?’ என்று கேட்கவேண்டியதாயிற்று! நம் இலக்கண ஆசிரியர் எவரும் பரதவர் பேச்சை நோக்கி அந்நாளில் அக்கேள்வியை எழுப்பிற்றிலர். பதினேழாம் நூற்றாண்டில் சேலம், சத்தியமங்கலம் வரையில் வந்து பணிசெய்த மதுரை மிஷன் குருமாருள்ளும் போர்த்துகீசியர் இருந்தனர். அவர்களும் நம் கொங்குத் தமிழின் ‘ஆல்’ ஈற்றோடு போராடியே இருத்தல்வேண்டும். அலமாரி, மேசை, சாவி, சன்னல், கொய்யா, அன்னாசி என்று அவர்தம் பெயர்ச்சொற்கள் பல நம் வீட்டிலும் தோட்டத்திலும் புகுந்துவிட்டன. வினைப்பாங்கு ஒன்றையும் அவரிடம் நாம் கடன்வாங்கவில்லை; வாங்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

வேறொரு மொழியினின்று, தேவையின்றியே, இந்நாளில் வாங்கிக்கொண்டிருக்கின்றோம். ஆங்கிலேயர் ‘பெய்தால்’ என்னுமிடத்து நிகழ்கால வினையை வைப்பர். அதனைக் கண்ட நம் மாணவர், ‘மழை பெய்கிறது என்றால் விளையாட்டு நிறுத்தப்படும்’ என்றும், ‘நீங்கள் வருகிறீர்கள் என்றால் மகிழ்வேன்’ என்றும் எழுதத் தலைப்பட்டுவிட்டனர். விளம்பரங்களிலும் தொலைக்காட்சியிலும் இதுவே ஒலிக்கின்றது. ‘என்றால்’ என்பதற்கு ஓர் இடம் உண்டு. ஒருவர் வருவதாகச் சொல்லிவிட்டபின், அச்சொல்லை ஏற்று, ‘வருகிறீர்கள் என்றால் சமைத்து வைக்கச் சொல்கிறேன்’ என்பது நல்ல தமிழே. சொன்ன சொல்லை அடியாகக் கொண்டு நிற்பது ‘என்றால்’. செயலை அடியாகக் கொண்டு நிற்பது ‘வந்தால்’. இவ்வேறுபாட்டைக் கிராமத்துப் பாட்டியர் ஒருகாலும் பிழைபடக் கூறார்; பட்டம் பெற்றவரே பிழைபடுகின்றனர்.

இதுவரை நம் மொழியின் பக்கமே நின்று பேசினோம். போர்த்துகீசியத்தில் உள்ளதாய் நம்மிடம் இல்லாத ஒன்றும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. அவர்தம் சப்ஜங்க்டிவ் வினையிற் செய்தவன் இன்னான் என்பது பெரும்பாலும் விளங்கும். ‘நான் வந்தால்’ என்பதற்கு ‘வியேர்’. ‘நாம் வந்தால்’ என்பதற்கு ‘வியேர்மூஸ்’. ‘அவர்கள் வந்தால்’ என்பதற்கு ‘வியேரேங்’. நம் ‘வந்தால்’ எச்சமாதலின் திணை, பால், எண், இடம் எதுவும் காட்டாது. ‘காத்திருந்தால்’ என்றாற் காத்திருக்க வேண்டியவர் யாவர்? யானோ, நீயோ, ஊராரோ? எழுவாயை நாமே வெளிப்பட வைத்தாலன்றிச் சொல் அதனைச் சொல்லாது. முற்றுவினையாவது சொல்லும் என்றால், அதனையும் ‘நன்றாயிருந்திருக்கும்’ என்று அஃறிணையில் முடித்துவிட்டால், தொடர் முழுவதிலும் மனிதர் ஒருவரும் இரார்.

இது வெறும் இலக்கண வினோதமன்று. வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியிற் கலக்கும் நொய்யலை நினைமின். பாசனத்திற்கென்று அதன் குறுக்கே கட்டப்பெற்று 1992-ல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. 2011-ஆம் ஆண்டு சனவரியிற் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. அணையின் கீழுள்ள நிலமும் கிணறும் அதற்குள் உவர்ந்துபோயின. இதனைப்பற்றி மேடைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் நாம் காணும் தொடர் யாது? ‘நொய்யல் அன்றே காக்கப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.’ காக்கப்பட்டிருந்தால்! யாராற் காக்கப்பட்டிருந்தால்? சாயமிட்டவன், ஆணை நிறைவேற்ற வேண்டியவன், வெளுத்த பனியனை வாங்கி உடுத்தவன், ஆற்றங்கரையில் வீடு கட்டிச் சாக்கடையைத் திருப்பிவிட்டவன் ஆகிய எல்லோரும் அவ்வொரு சொல்லின் நிழலில் ஒதுங்கிக்கொள்கின்றனர். ‘நாம் நொய்யலைக் காத்திருந்தால் நம் மக்கள் அந்நீரைக் குடித்திருப்பர்’ என்று எழுதிப் பார்மின். இலக்கணத்தில் வேறுபாடு சிறிது. நாவிற்கு அது எத்துணைக் கடினமாயிருக்கின்றது!

‘வந்தால்’ என்பதற்கும் இக்கதி உண்டு. அத்திக்கடவு நீர் வந்தால் குளம் நிறையும், கிணறு ஊறும் என்று அவிநாசி, அன்னூர்ப் பக்கத்தார் அரை நூற்றாண்டிற்கு மேலாகக் கூறிவந்தனர். பவானியின் உபரிநீரைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகட்குக் கொண்டுசெல்லும் அத்திட்டம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. தந்தை ‘வந்தால்’ என்றார். மகன் ‘வந்திருந்தால்’ என்றான். பெயரனே ‘வந்தது’ என்றான். இடையில், விதையாது விட்ட காடுகளும் விற்றுவிட்ட மாடுகளும் எத்தனையோ. தேர்தல்தோறும் ‘நிறைவேற்றப்பட்டால்’ என்று பேசியவருள் எவரும் அவ்வெச்சத்திற்கு எழுவாய் வைத்துப் பேசினாரல்லர்.

எச்சத்தில் எழுவாய் தொக்கு நிற்பது தமிழின் இயல்பு, அதனைக் குற்றமென்னலாமோ என்று எம்மை வினவுவர். குற்றமென்கிலேம். வரப்பில் நின்ற முதியவர்க்கு எழுவாய் வேண்டியதில்லை. பெய்யவேண்டியது மழை என்பதை அறியாதார் இலர். அறியவேண்டியவர் அறியாதிருக்கும் இடத்தில், அறிந்தவர் சொல்லாது விடுவதையே யாம் குறைகூறுகின்றோம். ‘செய்திருக்கலாம்’ என்பதும் இத்தகையதே. ‘அவன் படித்திருக்கலாம்’ என்றால், படித்தான்போலும் என்னும் ஐயமும் ஆகும். படியாது விட்டானே என்னும் இரக்கமும் ஆகும். போர்த்துகீசியர் முன்னதற்கு ஒரு தொடரும் பின்னதற்கு வேறொரு தொடரும் வைத்திருக்கின்றனர். பேச்சில் நமக்குக் குரல் துணை நிற்கின்றது. எழுத்தில் அத்துணை இல்லாமையால், ஒரு சொல் கூட்டியாவது தெளிவாக்குதல் எழுதுவார் கடன்.

இதற்கெனத் தனிப் பாடத்திட்டம் எதுவும் வேண்டா. முதலாண்டு இலக்கண வகுப்பில் நன்னூலின் ‘செயின்’ என்னும் வாய்பாட்டை ஓதுவிக்கும் நாளில், அதனோடு ‘செய்தால்’, ‘செய்திருந்தால்’, ‘செய்திருப்பேன்’ என்பவற்றையும் கரும்பலகையில் எழுதி ஒருமணி நேரம் பேசினால் போதும். பொள்ளாச்சி, காங்கேயம், கோபி முதலிய ஊர்களினின்று வரும் மாணவர் கோடை விடுமுறையில் வீட்டிலும் சந்தையிலும் கேட்கும் ‘ஆல்’ ஈற்றுத் தொடர்களை, சொன்னவர் சொன்னபடியே, ஒலியைத் திருத்தாமல் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘யார்?’ என்று ஒரு பத்தி விட்டு, அதனை நிரப்புக. கல்லூரி திறந்த முதல் வாரத்தில் அக்குறிப்பேடுகளைத் தமிழ்த்துறையிற் கொடுத்தால், அடுத்த இதழில் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த தொடர்களை ஊர்ப்பெயருடன் வெளியிட ஆவன செய்வோம்.