டிப்ளமோ வழியாக கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் – ஒரு கணக்கு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் திருவண்ணாமலைப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு பஞ்சாயத்து நடக்கும். மார்க் அதிகமென்றால் பதினொன்றாம் வகுப்பு, குறைந்தால் பாலிடெக்னிக்! "அது சரியாப் படிக்காத பசங்க போற இடமாச்சே" என்று யாராவது ஒரு சித்தப்பா சொல்லாமல் இருக்க மாட்டார். இந்த எண்ணம்தான் பல பிள்ளைகளின் வழியைக் கெடுக்கிறது.

கணக்கு எளிமையானது. மேல்நிலைப் பள்ளி 2 ஆண்டு, பி.இ. 4 ஆண்டு, ஆக 6. டிப்ளமோ 3 ஆண்டு, அதன்பின் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து 3 ஆண்டு. அதுவும் 6 தான்! ஒரு வருடம்கூட வீணாவதில்லை. நடுவில் வீட்டில் பண நெருக்கடி வந்தால் வேலைக்குப் போக ஒரு டிப்ளமோ கையில் இருக்கும். பிளஸ் டூ சான்றிதழுக்கு அந்த பலம் கிடையாது.

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் 2 ஆண்டு படித்துவிட்டு பல்கலைக்கழகத்துக்கு மாறுவார்கள். இங்கே படித்த எந்தப் பாடம் அங்கே எதற்குச் சமம் என்று கலிபோர்னியாவில் 'அசிஸ்ட்' இணையதளம் பாடவாரியாகக் காட்டுகிறது. நம்மூரில் அப்படிப் பாடத்துக்குப் பாடம் ஒப்பிடுவதில்லை. முதல் ஆண்டு மொத்தமாகத் தாண்டப்படுகிறது. சலுகையும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் ஆண்டிலேயே மேட்ரிக்ஸ், கால்குலஸ், புள்ளியியல், பைத்தான், சி எல்லாம் முடிந்துவிடும். டிப்ளமோ மாணவர் நுழைவதோ மூன்றாம் செமஸ்டரில். எடுத்த எடுப்பில் டிஸ்க்ரீட் மேத்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்! புரோகிராமிங்கில் அவர் சமாளித்துவிடுவார், சில சமயம் முந்தியும் நிற்பார். தடுக்கி விழுவது கணக்கில்தான். பக்கத்தில் இருப்பவர் பிளஸ் டூவில் 2 ஆண்டும் கல்லூரியில் 1 ஆண்டும் கணக்குப் படித்து வந்தவர்.

ஆகவே திட்டம் டிப்ளமோ முடிந்த பிறகு அல்ல, சேர்ந்த அன்றே தொடங்க வேண்டும்.

1. பிளஸ் டூ கணக்குப் புத்தகங்களை வாங்கி (பழசு போதும்) விடுமுறைகளில் போட்டுப் பார்ப்பது.

2. அரியர் வைக்காமல் இருப்பது. நேரடி இரண்டாம் ஆண்டுக் கலந்தாய்வில் டிப்ளமோ மதிப்பெண்தான் பேசும்.

3. எந்த டிப்ளமோவுக்கு எந்தப் பட்டப்பிரிவு என்பதை அந்தந்த ஆண்டு விளக்கக் கையேட்டில் பார்த்துக்கொள்வது.

4. ஆரணியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி, வேலூர் தந்தை பெரியார் அரசு கல்லூரி போன்ற பக்கத்து ஊர்க் கல்லூரிகளை முதலில் விசாரிப்பது. விடுதிச் செலவு பாதிக் கவலை.

பாலிடெக்னிக்குகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இறுதி ஆண்டில் வாரம் இரண்டு மணி நேரம் இணைப்புக் கணித வகுப்பு வைத்தால், பின்னால் வரும் அரியர்கள் எவ்வளவோ குறையும்.

அண்ணாமலையார் கோயிலுக்கு நாலு திசையிலும் கோபுரம் உண்டு. ராஜகோபுரம் வழியாகப் போனாலும் அம்மணி அம்மன் கோபுரம் வழியாகப் போனாலும் சன்னதி ஒன்றுதான். அடுத்த முறை அந்த சித்தப்பா வாயைத் திறந்தால், 3+3 கணக்கை அவரிடம் சொல்லுங்கள்!