உடனுறையும் விசுவாசம்

சமயம் ஆலயத்தின் நான்கு சுவர்களுக்குள் அடங்குவதா, அன்றி அடுப்பெரியும் வீடுகளிலும் வியர்வை சிந்தும் மலைகளிலும் வாழ்வதா என்னும் வினா எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. நம் அயலில் வாழும் கத்தோலிக்க அன்பர்கள் இவ்வினாவுக்கு அளித்த விடையொன்றை, இந்துக்களாகிய நாம் இவ்வாரம் சிந்திப்போம். அயல்வீட்டு விளக்கின் ஒளி நம் முற்றத்திலும் விழும் அன்றோ!

பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களுக்குமாகப் பதுளை மறைமாவட்டம் 1972ஆம் ஆண்டில் அமைந்தது. இப்பகுதியில் கத்தோலிக்கர் மிகச் சிலரே. கிராமங்களிற் பௌத்தரும் தோட்டங்களில் இந்துக்களுமே மிகுதி. இதன் முதல் ஆயராக வந்தவர் லியோ நாணயக்கார அவர்கள். 1959 முதல் கண்டியில் ஆயராக விளங்கிய அவர், அப்பெரிய பொறுப்பை விடுத்து, வறியவர் மிகுந்த இம்மலைநாட்டுக்கு வந்து, 1982இல் மறையும்வரை இங்கேயே பணியாற்றினார். உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்தை நாடி நீர் ஓடுவதுபோல், மெய்யான அன்பும் எளியோரை நோக்கியே செல்லும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

அம்மறைமாவட்டத்தின் மற்றொரு மூலையில், புத்தலைப் பகுதியில், மைக்கல் ரொட்ரிகோ என்னும் குருவானவர் 1980இற் குடியேறினார். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அவர் குருமடத்திற் பேராசிரியராக இருந்த பேரறிஞர். அத்தகையவர், பௌத்தக் குடியானவர்கள் வாழும் சிற்றூரில் எளிய இல்லமொன்றை அமைத்து, அதற்குச் ‘சுப செத் கெதர’ எனச் சிங்களத்திற் பெயரிட்டார். நல்வாழ்த்து இல்லம் என்பது அதன் பொருள். எவரையும் மதம் மாற்ற அவர் அங்கே செல்லவில்லை. அவ்வூராரின் நோயையும் நிலத்தையும் கல்வியையும் தம் கவலையாக்கிக் கொண்டு, அவர்களுடன் வாழவே சென்றார். அச்சுறுத்தல்கள் வந்த காலத்திலும் அவ்வூரை விட்டு நீங்கவில்லை. 1987ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், திருப்பலி நடந்துகொண்டிருந்த வேளையிற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

‘எத்தனை பேர் நம் ஆலயத்துக்கு வருவர்?’ என்று அவர் கேட்கவில்லை. ‘நாம் எவருடன் வாழ்கிறோம்?’ என்றே கேட்டார். இக்காலத்திற் சமயவாழ்வுக்கு உரைகல் இந்த இரண்டாவது வினாவே என்பது நம் துணிபு.

இவ்வுரைகல்லைக் கையிற்கொண்டு மீரியபெத்தவை நோக்குவோம். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாட் காலையில், கொஸ்லந்தையை அடுத்த அத்தோட்டத்து லயங்களின்மேல் மலை சரிந்தது. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. ஏழைகளோ லயத்தில் இருந்தார்கள். அழிவு நேர்ந்தபின், நாட்டின் நாற்றிசையிலிருந்தும் உணவும் உடையும் வந்து குவிந்தன. ஆனால் உயிர் தப்பியோர் தற்காலிகத் தங்குமிடங்களில் இரண்டு ஆண்டளவு காத்திருந்த பின்னரே புதுவீடுகளைக் கண்டனர்.

முதல் வாரத்து அன்பு எளிது. இரண்டாம் ஆண்டு அன்பே அரிது. ஒரு துயரத்தைக் காலையிற் கைபேசியில் கண்டு கலங்கி, மாலைக்குள் மறப்பது இன்றைய பண்பாடு. மனிதரையும் பொருளையும் பயன்படுத்தி எறியும் இவ்வியல்பைப் பாப்பரசர் பிரான்சிஸ் பன்முறை கண்டித்தார். 2015இல் அவர் விடுத்த ‘லௌதாத்தோ சி’ என்னும் சுற்றுமடல், பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் சேர்த்தே கேட்க வேண்டுமென வற்புறுத்துகிறது. மலையும் மக்களும் ஒருங்கே வீழ்ந்த மீரியபெத்தவை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

அவரே 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். கோவாவிலிருந்து 1687இல் இலங்கைக்கு வந்த அடிகளார், 1697இற் கண்டியிற் பெரியம்மை பரவியபோது, ஓடி ஒளியாது நோயாளிகளின் அருகிலிருந்து பணிவிடை செய்தவர். அவர்களின் சமயத்தை அவர் வினவவில்லை. காலம் வேறாயினும் கண்டியில் நிகழ்ந்ததும் புத்தலையில் நிகழ்ந்ததும் ஒன்றே.

‘இவர்கள் துறவிகள், மனைவி மக்களோடு வாழும் நாம் இவ்வாறு செல்ல முடியுமோ?’ எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயின், இல்லறத்தார் எங்கும் செல்ல வேண்டியதில்லை. லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் இருக்கிறது. அந்தோனியார் படம் தொங்கும் வீடும் மாரியம்மன் படம் தொங்கும் வீடும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. மழை ஒழுகினால் இரண்டிலும் ஒழுகுகிறது. மலை சரிந்தால் இரண்டும் புதைகின்றன.

படித்துப் பட்டம் பெற்று நகரை அடையும் மாணவ மணிகள், தாம் பிறந்த லயத்தின் பெயரைச் சொல்லக் கூசாதிருப்பார்களாக! விடுமுறைக்கு ஊர் திரும்புகையில், அயல்வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மணிநேரம் கணிதம் கற்பிக்கட்டும். குடும்பத் தலைவர்கள், விழாச் செலவில் ஒரு பங்கைத் துயருற்ற வீட்டுக்கு ஒதுக்கி, அடுத்த ஆண்டும் அவ்வீட்டை நினைக்கட்டும். கத்தோலிக்கர் இதனை விசுவாசத்தின் கனி என்பர். நாம் தொண்டு என்போம். பசித்தவனுக்கும் வீடிழந்தவனுக்கும் பெயரில் வேற்றுமை தோன்றாது.