குளிர் காக்கும் என்னும் கற்பிதம்

மலைநாட்டில் நுளம்பு நோய் பரவாது என்பது நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு நம்பிக்கை. பெருந்தோட்ட நிருவாகங்களுக்கு இது மிகவும் வாய்ப்பான நம்பிக்கை. குளிருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டியதில்லை அன்றோ! டெங்கு மிகக் குறைவாகப் பதிவாகும் மாவட்டங்களுள் நுவரெலியாவும் ஒன்று என்பது உண்மையே. அவ்வுண்மையைக் காட்டி, செய்யவேண்டியது எதுவுமில்லை என வாதிடுவதே ஈண்டு மறுக்கப்படவேண்டியது.

1934ஆம் ஆண்டை நோக்குக. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா முதலிய ஆறுகள் ஓட்டமிழந்து குட்டைகளாயின. ஓடும் நீரில் முட்டையிடாத அனோபிலிசு நுளம்பு அக்குட்டைகளிற் பல்கிப் பெருகிற்று. 1935 வரை நீடித்த அம் மலேரியாக் கொள்ளைநோயில் மாண்டோர் ஏறத்தாழ 80,000 பேர். மலேரியாவுக்குப் பழகிய வறண்ட வலயத்தைவிட, அதனை அறியாதிருந்த கேகாலை போன்ற பகுதிகளே பேரழிவுக்குள்ளாயின. பழக்கமின்மையால் எதிர்ப்பாற்றல் இல்லை; வறுமையால் உடம்பிலும் வலுவில்லை. உயர்மலைத் தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. அன்று தப்பியமைக்குக் காரணமான குளிர் இன்றும் அதே குளிராக உள்ளதா என்பதே வினா.

உலகின் சராசரி வெப்பநிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் பார்க்க 1 பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டது. நூறு மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 0.6 பாகை குறையும் என்பது புவியியல் மாணவர் அறிந்த கணக்கு. ஆகவே ஒரு பாகை உயர்வென்பது, நுளம்பின் எல்லை ஏறத்தாழ 160 மீற்றர் மலையேறுவதற்கு ஒப்பானது. நுளம்பின் உடலினுள் டெங்குக் கிருமி முதிர்வதற்கு 30 பாகையளவில் ஏறத்தாழ ஒன்றிரண்டு கிழமை போதும். 20 பாகையை அண்டிய குளிரிலோ கிருமி முதிருமுன்னர் நுளம்பே மடிந்துவிடக்கூடும். இந்தக் கால இடைவெளிதான் மலைநாட்டின் காவல். அது சுருங்கிவருகிறது.

மேலும், மாவட்டச் சராசரி ஒரு மயக்கமே. நுவரெலியா நகர் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. சிவனொளிபாதமலையின் அடிவாரத்து நல்லதண்ணியோ அதனினும் பல நூறு மீற்றர் தாழ்ந்தது. உந்துவப் போயா முதல் வெசாக் போயா வரை, அதாவது டிசெம்பரிலிருந்து மே வரை, கொழும்பு, கம்பகா மாவட்டங்களிலிருந்து பேருந்து பேருந்தாக யாத்திரிகர் அங்கு வந்திறங்குகின்றனர். அவ்விரு மாவட்டங்களும் டெங்கு மிகுந்தவை. டெங்கின் ஆண்டு உச்சங்களுள் ஒன்று வருவதும் டிசெம்பர், ஜனவரி மாதங்களிலேயே. யாத்திரிகரைக் குறைகூறுவதற்கில்லை. அவர் குருதியிற் கிருமி இருப்பது அவருக்கே தெரியாது. ஆனால், அவர் விட்டுச்செல்லும் போத்தல்களும் கோப்பைகளும் மழைநீர் ஏந்திக் கிடப்பது எல்லோர்க்கும் தெரியும். ஈடிசு நுளம்பின் முட்டை உலர்ந்த பின்னரும் பல மாதங்கள் உயிர்தாங்கி நீருக்குக் காத்திருக்கும்.

இனி லயத்துக்கு வருவோம். பீலியில் நாள் முழுதும் நீர் வராத லயத்தில் பீப்பாயும் வாளியும் இன்றிக் குடித்தனம் நடவாது. மூடியில்லாத அப்பீப்பாய்தான் நுளம்புக் குடம்பிக்கும் தொட்டில். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், இடத்தின் உரிமையாளர் அல்லது குடியிருப்பாளரைப் பொறுப்பாளியாக்குகிறது. காம்பிராவுக்குக் காணியுறுதி இல்லாத தொழிலாளி இங்கு யார்? உரிமை என்று கேட்கும்போது அவர் உரிமையாளர் அல்லர். பொறுப்பு என்று வரும்போது மட்டும் குடியிருப்பாளர் ஆகிவிடுகிறார். ஓட்டைக் கூரையும் அடைபட்ட வடிகாலும் நிருவாகத்தினுடையவை. பீப்பாய் மட்டும் அவருடையது. முன்பு மண்டபம் முகாமிலே இம்மக்களின் முன்னோரைத் தடுத்துவைத்துப் பரிசோதித்த காலந்தொட்டே, நோய் என்றதும் தொழிலாளியை நோக்கி விரல் நீட்டும் வழக்கம் உண்டு.

மறுபுறத்தில், எல்லாம் காலநிலையின் செயல் எனக் கையை விரிப்போரும் உளர். கென்யாவின் கெரிச்சோ தேயிலைத் தோட்டங்களில் மலேரியா மீண்டும் தலைதூக்கியபோது இதையொட்டியே பெருவிவாதம் எழுந்தது. வெப்ப உயர்வே காரணம் என்றனர் சிலர். குளோரோகுயினுக்கு ஒட்டுண்ணி எதிர்ப்பாற்றல் பெற்றதே காரணம் என்றனர் வேறு சிலர். இலங்கையின் வரலாறு இதற்கு வேறொரு கோணத்தில் விடை தருகிறது. 1963இல் 17 பேராகக் குறைந்த மலேரியா, கண்காணிப்புத் தளர்ந்ததும் சில ஆண்டுகளுள் இலட்சக்கணக்கில் மீண்டது. பின்னர் வெப்பம் உயர்ந்துவந்த அதே காலத்திலேயே அது ஒழிக்கப்பட்டு, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழும் கிடைத்தது. வெப்பம் வாயிலைத் திறக்கலாம். உள்ளே வருவதைத் தடுப்பதும் விடுவதும் மனிதர் செயல்.

2017இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டனர். 440 பேர் இறந்தனர். அத்தகைய ஓராண்டு மஸ்கெலியாப் பள்ளத்தாக்குக்கு வருமாயின், முதலில் நோயாளியைக் காணவேண்டியது தோட்டத்து மருந்துச்சாலையே. குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையை அங்கு யார் பார்ப்பர்? மூடிய நீர்த்தாங்கிகளை லயந்தோறும் அமைக்கும் செலவு தோட்டக் கம்பனிகளுடையது. நல்லதண்ணியில் யாத்திரைக் காலக் குப்பையை அன்றன்றே அகற்றுவது பிரதேச சபையின் கடன். லயங்களுக்கும் பொதுச்சுகாதாரப் பரிசோதகரைத் தவறாது அனுப்புவது அரசின் கடன். இம்மூன்றையும் அடுத்த உந்துவப் போயாவுக்கு முன்னரே தொடங்கலாம்.