லயத்துக் காம்பராவும் இல்லறமும்

விழா மலர் என்றால் நிறுவுநர் பெருமை, கட்டடங்களின் வரலாறு, வென்ற கிண்ணங்களின் பட்டியல் ஆகியன இடம்பெறுதல் வழக்கம். அவை வேண்டுவனவே. ஆயினும் இம்மலரின் ஒரு மூலையில் ஒரு தகரக் கூரையையும், ஓர் அடுப்பையும், ஒரு நாட்டு நாயையும் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். இது சிறு பொருள் அன்று. திருவள்ளுவர் அறத்துப்பாலில் துறவறத்துக்கு முன்னே இல்லறத்தை வைத்தார். வீட்டினுள் நிகழ்வதே அறத்தின் முதற்படி என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும்.

இக்கல்லூரியை விட்டு நீங்கிய பின்னர், 1970களின் தொடக்கத்தில், கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றில் ஆசிரியராய் அமர்ந்தோம். மலையகம் என்றதும் நுவரெலியாவின் குளிரையே எண்ணிப் பழகிய எமக்குச் சப்பிரகமுவ புதிதாய்த் தோன்றியது. இரத்தினபுரியும் கேகாலையும் தாழ்ந்த மலைகளைக் கொண்டவை, வெக்கை மிகுந்தவை, மழை ஓயாதவை. இறப்பரும் தாழ்நிலத் தேயிலையும் அங்கே அடுத்தடுத்து நிற்கும்.

எமது மாணவன் ஒருவனின் இல்லம் லயத்தின் கடைசிக் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவு. முன்னே ஓர் இஸ்தோப்பு. உள்ளே எட்டு உயிர்கள். முதன்முறை சென்றபோது அவன் தாயார் புற்பாயை விரித்து, "இது ஒழுகாத இடம், வாத்தியாரய்யா, இங்கே உட்காருங்க" என்றார். அச்சொல் இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது.

அவ்வம்மையார் எதனையும் வீணாக்கியறியார். கோதுமை மாச்சாக்கைப் பிரித்துத் தைத்த திரையொன்று காம்பராவை இரண்டாக்கியது. பழஞ்சேலை முதலில் குழந்தைக்கு ஏணையாயிற்று. அடுத்துத் தலையணை உறையாயிற்று. இறுதியில் விளக்குத் திரியாய் எரிந்தது. பால்மாப் பேணி அரிசி அளக்கும் படியாயிற்று. இறப்பர் மரத்திற் பால் ஏந்தி வெடித்த சிரட்டை அடுப்புக்கு வந்தது. தேயிலை கவ்வாத்து வெட்டிய மிலாறு விறகாயிற்று. குடும்பத் தலைவர் மூங்கில் பிளந்து கூடை முடைவார். கூரைத் தகரத்தின் ஓட்டையைத் தாரும் சாக்குத் துண்டும் கொண்டு அடைப்பார். இவை யாவும் எப்பள்ளியிலும் பயிலாத கைவினைகள்.

மணி என்ற நாயும் அவ்வீட்டில் ஒருவனே. பெரியோர் வேலைக்குச் சென்றதும் சிறுவர்க்குக் காவல் அவன். இரவில் மரவள்ளிப் பாத்திக்கு வரும் காட்டுப்பன்றிக்குப் பகைவனும் அவன். எட்டுப் பேருக்கும் போதாத சோற்றில் அவனுக்கும் ஒரு பிடி உண்டு. கொடுக்க ஒன்றுமில்லாதவர் கொடுத்த அந்தப் பிடிச் சோற்றை அறம் என்னாது வேறென்ன என்பது?

இவற்றைக் கண்டு, "எத்துணைச் சிக்கனம்! எத்துணை மனநிறைவு!" என்று வியந்து செல்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். இவ்வியப்பை யாம் ஏற்க இயலாது. விரும்பிக் கொள்ளும் சிக்கனம் ஒன்று. வேறு வழியின்மையாற் கொள்ளும் சிக்கனம் மற்றொன்று. பின்னதைப் புகழ்வோர், பிறர் கூரையின் ஓட்டைக்குத் தம் புகழுரையால் ஒட்டுப் போடுகின்றனர்.

அம்மக்களுக்கு வீடு சொந்தமன்று. நாடும் சொந்தமில்லாத காலம் ஒன்றிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும், 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்பாடு சரிபாதியாக்கியது. எம் மாணவனின் குடும்பமும் தலைமன்னார் சென்று இராமேசுவரத்துக்குக் கப்பலேறிற்று. தகரப் பெட்டியும் கூடையும் உடன் சென்றன, மணி செல்லவில்லை. பூட்டிய காம்பராவின் வாசலில் அவன் பல நாள் படுத்திருந்ததை யாம் கண்டோம். உடன் வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புகேன் என்று தருமர் நின்றதாகப் பாரதம் கூறும். அவ்வாறு நின்று சொல்லும் உரிமை தருமருக்கு இருந்தது, அவ்வேழைகளுக்கு இருந்ததில்லை.

ஒட்டுப் போட்டு வாழ்தலுக்கும் ஓர் எல்லையுண்டு. 2016 மே மாதப் பெருமழையில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து உயிர்களைக் கொண்டது. புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயமும் புதையுண்டது. சரியும் மலையைத் தாரும் சாக்கும் தடுக்குமா? பாதுகாப்பான நிலத்தில், தம் பெயரில் உறுதி எழுதிய வீடு வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கையன்று, இல்லறத்தின் முதற்றேவை.

இதிற் கல்விக்கு என்ன பங்கு எனின், ஒரு சான்று கூறுவோம். குப்பி விளக்குச் சாய்ந்து உடல் வெந்தோர்க்குச் சிகிச்சையளித்த இலங்கை அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, சிகிச்சையோடு அமையாது, மூலத்தை ஆராய்ந்தார். குட்டையான, கனத்த, தட்டைப் பக்கங்களுடைய கண்ணாடிக் குப்பியும், திருகி மூடும் உலோக மூடியும் கொண்ட விளக்கை 1992இல் ஆக்கினார். அது எளிதிற் சாயாது, சாய்ந்தாலும் உருளாது, எண்ணெய் சிந்தாது. மார்மைட் போத்தலின் வடிவமே அவருக்கு வழிகாட்டிற்று. 1998இல் ரோலெக்ஸ் விருது அவரைத் தேடி வந்தது. ஏழை வீட்டின் கைவினையும் கற்றவரின் அறிவும் கைகோத்தால் விளைவது இதுவே. நாயன்புக்கும் இது பொருந்தும். பிடிச் சோற்றோடு ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசியும் சேர்ந்தாலன்றோ அவ்வன்பு முழுமையாகும்?

1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. எம் பாடசாலையிலோ, "வீட்டில் என்ன செய்தாய்?" என்று வினவினால் பிள்ளைகள் தலை குனிந்தனர். கூடை முடையத் தெரிந்த கை, நாம் கற்பித்த பாடத்தால் நாணமுற்றது. அப்பிழை அவர்களுடையதன்று, எம்முடையது.

ஆதலின் மூவர்க்கும் ஒவ்வொரு சொல். ஆசிரியப் பெருமக்களே, தோட்டத்துப் பிள்ளை கொண்டுவரும் கைத்திறனைப் பாடத்தின் தொடக்கமாகக் கொள்ளுங்கள். மாணவர்களே, நீங்கள் கற்கும் விஞ்ஞானத்தை ஒரு கூரையிலேனும், ஓர் அடுப்பிலேனும் சோதித்துப் பாருங்கள். பழைய மாணவராகிய நாம், எழுத்தாலும் பதவியாலும் பொருளாலும் எவ்வளவு இயலுமோ அவ்வளவு, லயத்தினர் நிலவுரிமைக்குத் துணைநிற்போம்.

ஒழுகாத இடத்தைத் தேடி விருந்தினரை அமர்த்திய அம்மையாருக்கு இக்கல்லூரி செலுத்தக்கூடிய கைம்மாறு ஒன்றேயுண்டு: வீடு முழுவதும் ஒழுகாத இடமாகும் நாளை அவர் பேரப்பிள்ளைகள் காணச் செய்தல்.