கடன் போன பி.டி. பீரியட்

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி வெள்ளிமலை போய்ப் பாருங்கள். கல்வராயன் மலை வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் நமக்கே வயிறு கலங்கும். ஜன்னலுக்கு வெளியே, புத்தகப் பையோடு மேடேறுகிற மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கோ மூச்சுகூட வாங்காது. ஓடவிட்டு ஸ்டாப் வாட்ச் பிடிக்க ஒரு ஆள் இருந்தால் போதும் என்று தோன்றியது.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் வந்தாலே கணக்கு வாத்தியார், "போர்ஷன் கொஞ்சம் பாக்கி" என்று கடன் வாங்கிக்கொள்வார். பி.காம். படித்தவன் சொல்கிறேன்... அது வாராக்கடன். வட்டி? என் தொப்பையைப் பாருங்கள்!

மலை தாண்டினால் சேலம் மாவட்டம். அங்கே பெரியவடகம்பட்டி. 5 வயதில் பஸ் சக்கரத்தில் வலது கால் நசுங்கிய மாரியப்பன் தங்கவேலுவை, "உயரம் தாண்டுடா" என்று தூண்டிவிட்டவர் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர்தான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். 2021-ல் டோக்கியோவில் வெள்ளி. 2024-ல் பாரிஸில் வெண்கலம்.

அந்த பீரியடையும் யாராவது கடன் வாங்கியிருந்தால்?

வெள்ளிமலை மேட்டிலும் ஒரு மாரியப்பன் நடந்து போய்க்கொண்டிருக்கலாம். கணக்கு சார், கோபப்படாதீங்க... அந்த ஒரு பீரியடை மட்டும் திருப்பிக் கொடுத்துடுங்க!