பிள்ளையின் படிப்பும் ஒரு ஆள் கூலியும்

நடவும் அறுவடையும் வந்துவிட்டால், கிராமத்துப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் சில பெயர்களுக்கு நேரே வரிசையாக விடுப்பு விழும். நாற்றுமுடி எடுத்துப் போடவும், மாடு மேய்க்கவும், பெற்றோர் வயலுக்குப் போன வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளைகள் நிறுத்தப்படுகிறார்கள். இதற்காகச் சிறு விவசாயியைக் குறை கூறிப் பயனில்லை. ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு ஆள் கூலி மிஞ்சுவது பெரிய காரியந்தான். ஆனால் அந்தக் கூலி உண்மையிலேயே மிச்சந்தானா என்பதை ஒவ்வொருவரும் கணக்குப் பார்க்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் 1957ஆம் ஆண்டு பிறந்தவர் கே. சிவன். தந்தை மா சாகுபடி செய்த சிறு விவசாயி. மகன் படித்தது அரசுப் பள்ளியில், தமிழ் வழியில். இந்தச் சிவன்தான் 2018 முதல் 2022 வரை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். இந்த அளவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி அவருடைய பதவியில் இல்லை. அவர் வீட்டில் நடந்ததில் இருக்கிறது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் சிவன் பொறியியல் படிக்க விரும்பினார். தந்தை மறுத்துவிட்டார். மகன் வீட்டில் பட்டினி கிடந்தும் அவர் மனம் இளகவில்லை. வீட்டுக்கு அருகில் உள்ள கல்லூரியில் படித்தால் போதும் என்றார். அருகில் இருந்தால் வயல் வேலைக்கு மகன் கிடைப்பார் என்பதே காரணம். சிவன் இருக்கும் நாளில் தந்தை கூலி ஆள் வைப்பதில்லை. இவற்றைச் சிவனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தந்தை கல்நெஞ்சர் அல்லர். நம் ஊர்களில் எத்தனையோ தகப்பன்மார் போடும் அதே கணக்கைத்தான் அவரும் போட்டார்.

சிவன் கணிதப் பட்டப் படிப்பில் சேர்ந்தார். வயல் வேலையும் செய்தார், படிப்பையும் விடவில்லை. பட்டம் பெற்ற பிறகு தந்தையின் மனம் மாறியது. ஒரு முறை உன்னைத் தடுத்தேன், இம்முறை தடுக்க மாட்டேன், நிலத்தை விற்றாவது படிக்க வைக்கிறேன் என்று மகனிடம் கூறி, அவ்வாறே செய்தார். அதன் பிறகே சிவன் சென்னைக்கு வந்து, 1980ஆம் ஆண்டு சென்னை தொழில்நுட்ப நிறுவனத்தில் விமானப் பொறியியலில் பட்டம் பெற்றார். அங்கே சேரும் வரை அவர் வேட்டிதான் கட்டியிருந்தார். காலில் செருப்பும் இல்லை.

அதற்குப் பின்னும் பாதை நேராக இல்லை. படித்த படிப்புக்கு உடனே வேலை கிடைக்கவில்லை. பெங்களூரில் மேற்படிப்பு முடித்து 1982ஆம் ஆண்டு விண்வெளி நிறுவனத்தில் சேர்ந்தபோதும், விரும்பிய பிரிவு கிடைக்கவில்லை. கிடைத்த பிரிவில் உழைத்தார். 2019 செப்டம்பர் 7ஆம் தேதி, அவர் தலைவராக இருந்தபோது, சந்திரயான்-2 நிலவில் இறங்கும் கடைசி நேரத்தில் தொடர்பு அறுந்தது. நாடே பார்க்க அவர் கண்ணீர் விட்டார். ஆனால் 2020ஆம் ஆண்டின் முதல் நாளே அடுத்த முயற்சியை அறிவித்தார். அவர் ஓய்வு பெற்ற பின், 2023 ஆகஸ்டு 23ஆம் தேதி சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்துக்கு விதை தேடும் விவசாயிக்கு இந்த விடாமுயற்சி புதிதல்ல.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி சிவன்தான். அவருடன் பிறந்தவர்கள் வறுமையினால் மேற்படிப்பை முடிக்க முடியவில்லை. ஒரே வீடு, ஒரே சோறு. ஆகவே, முயற்சி இருந்தால் ஏழைப் பிள்ளை தானே முன்னுக்கு வந்துவிடும் என்று சொல்வது பாதி உண்மைதான். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது சரி. ஆனால் முளை தெரிந்த பிறகு தண்ணீர் பாய்ச்சாவிட்டால் அதுவும் கருகும். விடாமுயற்சி பிள்ளையின் பங்கு; வழியை அடைக்காமல் இருப்பது பெற்றோரின் பங்கு.

அதற்காக எல்லோரும் நிலத்தை விற்க வேண்டும் என்பதில்லை. காசு கொடுத்தால் இடம் தரும் கல்லூரியை நம்பி நிலத்தை விற்றுவிட்டு, நிலமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் நிற்கும் குடும்பங்கள் உண்டு. சிவனின் தந்தை விற்றது, பிள்ளையின் திறமையைக் கண்ணால் பார்த்த பிறகுதான்.

நிலத்தில் கை வைக்கும் முன் கேட்டறிய வேண்டியவை பல. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் தேர்வு பெற்றால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021ஆம் ஆண்டிலும் தமிழக அரசு 7.5 சதவீத ஒதுக்கீடு கொண்டுவந்தது. பிறர் பேச்சைக் கேட்டு இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்த உரிமை போய்விடும். பிள்ளையின் தலைமை ஆசிரியரை ஒரு நாள் நேரில் பார்த்துக் கேட்டால் இவை எல்லாம் தெரியும். உரக்கடைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் நடக்கிற கால், பள்ளிக்கூடத்துக்கும் ஒரு முறை நடக்கலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். களையெடுப்பு என்றாலும், வீட்டில் நோய் என்றாலும் முதலில் நிற்பது மகளின் படிப்புதான். அவள் பட்டினி கிடந்து அடம் பிடிப்பதுமில்லை. கேட்காமல் இருப்பதால் அவளுக்கு ஆசை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

பிள்ளைகள் வயலில் இறங்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. விடுமுறை நாளில் தோப்பிலும் வரப்பிலும் வேலை பழகுவது நல்லதே. பள்ளி நாளில் நிறுத்துவதுதான் கூடாது. விட்டுப்போன பத்து நாள் பாடம் புரியாமல் போகும். புரியாத பாடம் வகுப்பை வெறுக்க வைக்கும். அடுத்த ஆண்டு பிள்ளை தானாகவே நின்றுவிடும். மிச்சம் பிடித்த கூலி அன்றே செலவாகிவிடும். போன படிப்பு திரும்பி வராது.

வரும் பட்டத்தில் விதை நெல்லுக்குப் பணம் ஒதுக்கும்போதே, பிள்ளைக்குப் பதிலாக வைக்க வேண்டிய ஒரு ஆளின் கூலியையும் சாகுபடிச் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்பு தடுத்திருந்தாலும் பரவாயில்லை. சரக்கல்விளைத் தகப்பனாரும் முதலில் தடுத்தவர்தான்.